குமிழியைக் காட்டிக் கணக்கும் தரும் ஆய்வகம்: ராணிப்பேட்டை நுரைச் சோதனைச் சேவை பற்றிய மதிப்புரை

ராணிப்பேட்டை சிப்காட் பகுதிக்கு அருகே, முத்துக்கடையிலிருந்து எளிதில் போய்ச் சேரக்கூடிய இடத்தில், சிறிய ஆய்வகம் ஒன்று இயங்குகிறது. பாலிமர் நுரை உருவாகும்போது அதனுள் குமிழிகள் எப்படி வளர்கின்றன என்பதைக் கண்ணாடிச் சாளரம் வழியாகப் படம்பிடித்து, அந்த வளர்ச்சிக்கு ஒரு கணித மாதிரியைப் பொருத்தி, இரண்டையும் சேர்த்து அறிக்கையாகத் தருவது அதன் வேலை. ஆம்பூரில் காலணிகளுக்கு சோல் வார்க்கும் தொழிலகம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டைக் கவனித்துவரும் நான், கடந்த மழைக்காலம் தொடங்கி இந்தச் சேவையைப் பயன்படுத்தி வருகிறேன். அறிமுகத்தின் பேரில் வரும் வேலைகளை மட்டுமே இப்போதைக்கு எடுத்துக்கொள்வதால் பெயரை வெளியிட வேண்டாம் என்று அதை நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயரைத் தவிர்த்து, சேவையின் தன்மையையும் தரத்தையும் மட்டும் எழுதுகிறேன்.

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்திருந்தாலும், ஆம்பூரையும் வாணியம்பாடியையும் பேரணாம்பட்டையும் ராணிப்பேட்டையையும் தோலும் காலணியும் இன்னும் ஒரே தொழில்வட்டமாகவே கட்டி வைத்திருக்கின்றன. தோலைத் தொட்டுப் பார்த்தே குறை சொல்லும் அறிவு இங்கே தலைமுறைகளாக வந்தது. ஆனால் அந்தத் தோலுக்குக் கீழே வரும் நுரையை நாம் எடைபோட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பாலியூரித்தேன் நுரைக்கான இரு திரவங்களான பாலியாலையும் ஐசோசயனேட்டையும் காகிதக் கோப்பையில் கலந்து, கலவை வெளுக்கத் தொடங்கும் கிரீம் டைம், இழுத்தால் நூல் பிடிக்கும் ஜெல் டைம், பொங்கி நிற்கும் ரைஸ் டைம் ஆகியவற்றைக் கடிகாரத்தில் குறித்து, கோப்பைக்கு மேலே எழுந்ததை அறுத்துவிட்டு எடைபோட்டு அடர்த்தி கணக்கிடுவது பெரும்பாலான தொழிலகங்களில் நடக்கும் சோதனை. அது பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். இன்றும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அடர்த்தி என்பது ஒரே ஓர் எண். எத்தனை குமிழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு வளர்ந்தது என்ற இரண்டு வேறுபட்ட செய்திகளை அது ஒன்றாகக் கலந்து மறைத்துவிடுகிறது.

ஒரு கன சென்டிமீட்டர் பாலிமரில் 10 லட்சம் குமிழிகள் இருந்து, ஒவ்வொன்றும் 80 மைக்ரான் ஆரத்துக்கு வளர்ந்தால், பொருளின் பருமன் ஏறத்தாழ 3.1 மடங்காகிறது. அதே பொருளில் 1.25 லட்சம் குமிழிகள் மட்டுமே இருந்து, ஒவ்வொன்றும் 160 மைக்ரானுக்கு வளர்ந்தாலும் அதே 3.1 மடங்குதான். தராசு இரண்டையும் ஒன்றாகவே காட்டும். காலில் போட்டு நடக்கும்போது இரண்டும் ஒன்றல்ல; பெரிய குமிழி நுரையில் அதன் மேல்தோலை ஒட்டிப் பின்ஹோல் (ஊசிமுனைத் துளை) தெரியும், மடியும் இடத்தில் வெடிப்பும் முன்னதாக வரும். இந்த இரண்டு எண்களையும் பிரித்துக் கையில் தருகிறது என்பதே இந்தச் சேவையை நான் மதிப்பதற்கு முதல் காரணம்.

கருவிகள் இரண்டு. பாலியூரித்தேனுக்கு, சோல் கனத்துக்கு இடைவெளி விட்டு இருபுறமும் கண்ணாடி பொருத்திய, சூடேற்றக்கூடிய அலுமினிய அச்சு ஒன்று உண்டு. பின்னாலிருந்து ஒளி வர, முன்னாலிருந்து பெரிதாக்கும் லென்ஸுடன் கேமரா பதிவு செய்கிறது. அச்சின் வெப்பநிலையை நாம் கேட்டபடி, எங்களுக்கு 50 டிகிரி செல்சியஸ் அளவில், பிசகாமல் வைத்துத் தருகிறார்கள். ஈ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசிட்டேட்) என்ற பிளாஸ்டிக் போன்றவற்றுக்குத் தடித்த எஃகுச் சுவரும் சிறிய குவார்ட்ஸ் சாளரமும் கொண்ட உயரழுத்தக் கலன் தனியாக இருக்கிறது. ஐசோசயனேட் மூச்சுப்பாதைக்குத் தீங்கு செய்வது என்பதை இங்குள்ளவர்கள் அறிந்து நடக்கிறார்கள். புகை உறிஞ்சும் பெட்டிக்குள்தான் கலக்கிறார்கள், கையுறை இல்லாமல் யாரையும் அருகே விடுவதில்லை, கொட்டியதைத் துடைத்த துணிக்குத் தனி மூடிய தொட்டி வைத்திருக்கிறார்கள். இதை நம் ஊர்த் தொழிலகங்களிலும் எதிர்பார்க்கும் நாள் வர வேண்டும்.

முதல் பதிவை மெதுவாக ஓட்டிக் காட்டியபோது கண்டவற்றை விரிவாகவே சொல்ல வேண்டும். ஊற்றியவுடன் கலவை மஞ்சள் சாயலில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தத் தெளிவுக்குள்ளேயே, கலக்கும்போது சிக்கிய காற்று மிக நுண்ணிய புள்ளிகளாக ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கிறது. பாலியூரித்தேனில் குமிழிகள் பெரும்பாலும் இந்தக் காற்றுப்புள்ளிகளையே கருவாகக் கொண்டு வளர்கின்றன; ஆகவே கிரீம் டைம் என்று நாம் குறிப்பது குமிழி பிறக்கும் கணம் அன்று, ஏற்கெனவே இருந்த புள்ளிகள் ஒளியைச் சிதறடித்துக் கலவையை வெளுப்பாகக் காட்டும் அளவுக்குப் பெருத்த கணம். மிக்ஸிங் ஹெட்டின் சுழற்சி வேகம் மாறினால் சோலின் உள்ளமைப்பு மாறுவது ஏன் என்பதற்கான விடை இந்தச் சில நொடிப் பதிவில் கண்ணுக்கு முன் இருக்கிறது.

பின்னர் குமிழிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அச்சின் சுவரை ஒட்டியவை உருண்டையாக இல்லை. மேலேறும் கலவை அவற்றை நீட்டிவிடுகிறது. ஒரு சட்டகத்தில் இரண்டு குமிழிகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு தெரிகிறது. அடுத்த சட்டகத்தில் சவ்வு இல்லை, இடுப்பு ஒடுங்கிய ஒற்றை உருவம் நிற்கிறது. இன்னும் சில சட்டகங்களில் அது திரண்டு உருண்டையாகிறது. ஜெல் நேரம் நெருங்கிய பிறகு சவ்வு கிழிந்தால், உருண்டையாகத் திரள்வதற்குப் பாகில் இளக்கம் இருப்பதில்லை. அந்த ஒடுங்கிய வடிவமே சோலில் உறைந்துவிடுகிறது. எங்கள் அச்சு மாஸ்டர் உடன் வந்திருந்தார். “தம்பி, அந்தச் சவ்வு கிழியுற இடத்தை இன்னொரு தரம் ஓட்டுங்க” என்று அவர் கேட்டார். “பாய், வேகத்தைக் குறைச்சு ஓட்டுறதால இவ்வளவு நேரம் தெரியுது; நேர்ல கண் இமைக்கிற நேரத்துல முடிஞ்சிடும்” என்று சொல்லிக்கொண்டே, பதிவை ஓட்டிய ஆய்வக இளைஞர் சலிக்காமல் மீண்டும் ஓட்டிக் காட்டினார். அறுத்த சோலில் லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது தென்படும் ஒடுங்கிய துளைகளுக்கு மாஸ்டர் அதுவரை அச்சு எண்ணெயைக் காரணமாகச் சொல்லி வந்தார். அன்று முதல் ஜெல் நேரத்தைப் பற்றிப் பேசுகிறார்.

இனிக் கணக்கு. குமிழி வளர வேண்டுமானால், அதனுள் இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளியழுத்தத்தையும் பரப்பு இழுவிசையின் நெருக்கலையும் வென்று, சுற்றியுள்ள பாகை விலக்க வேண்டும். வளர வளர உள்ளழுத்தம் இறங்கும் என்பதால், பாகில் கரைந்துள்ள வாயு விரவி உள்ளே வந்துகொண்டே இருக்கவும் வேண்டும். முதல் பகுதியின் வேர், திரவத்துக்குள் ஒரு வெற்றுக்குழி சுருங்குவதைப் பற்றி இயற்பியலாளர் ரேலே 1917-இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. இரண்டாவதை, கரைசலில் உள்ள வாயுக்குமிழி வளர்வதற்கும் கரைவதற்குமாக எப்ஸ்டீனும் பிளெஸட்டும் 1950-இல் கணக்கிட்டார்கள். இவை தனிக் குமிழிக்கானவை. சுற்றிலும் எல்லையற்ற திரவம் இருப்பதாகக் கொண்டால் வாயு தீராது, குமிழியும் நிற்காமல் வளரும். நெருக்கமாகக் குமிழிகள் நிறைந்த நுரைக்கு அது பொருந்தாது. அமோனும் டென்சனும் 1984-இல் ஒவ்வொரு குமிழியையும் அதற்கே உரிய பாகு உறைக்குள் வைத்து, அந்த உறையிலுள்ள வாயு மட்டுமே அதற்குக் கிடைக்கும் என்று வரையறுத்துக் கணக்கிட்டார்கள். பாகப்பிரிவினை முடிந்த வீட்டில் தன் பங்கு தீர்ந்தவன் அண்ணன் பங்கில் கை வைக்க முடியாததைப் போல, உறையின் வாயு தீர்ந்ததும் குமிழி நின்றுவிடுகிறது. இறுதி அளவும் நுரையின் அடர்த்தியும் கணக்கிலேயே வந்துவிடுகின்றன. ஆய்வகம் பயன்படுத்துவது இந்த உறை மாதிரியின் ஒரு வடிவம். பாலியூரித்தேனுக்காக வினையின் வேகத்தையும் வினையால் ஏறும் வெப்பத்தையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்.

அறிக்கையில் எனக்கு மிகவும் பயன்பட்டவை இரண்டு சிறு கணக்குகள். பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 0.03 நியூட்டன் என்று கொண்டால், 0.1 மைக்ரான் ஆரமுள்ள குமிழியை அது ஏறத்தாழ 6 வளிமண்டல அழுத்தத்தால் நெருக்குகிறது. 1 மைக்ரானில் அந்த நெருக்கல் 0.6 வளிமண்டலம், 100 மைக்ரானில் 0.006 மட்டுமே. ஆகவே மிகச் சிறிய கரு பிழைப்பது கடினம், பிழைத்துப் பெருத்த பிறகு பரப்பு இழுவிசையால் அதைத் தடுக்க முடியாது. அடுத்தது பாகுத்தன்மை பற்றியது. பாகின் எதிர்ப்பை வென்று குமிழி விரிய ஆகும் காலம், பாகுத்தன்மையின் நான்கு மடங்கை மிகை அழுத்தத்தால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். மிகை அழுத்தம் 10,000 பாஸ்கல் என்றால், பாகுத்தன்மை 1 பாஸ்கல்-நொடியாக இருக்கும் தொடக்கத்தில் அது 0.4 மில்லிநொடி; ஜெல் நெருங்கி 10,000 பாஸ்கல்-நொடியாகும்போது 4 நொடி. தொடக்கத்தில் வளர்ச்சியின் வேகத்தை முடிவு செய்வது பாகு அன்று, வாயு எவ்வளவு விரைவில் உண்டாகி வந்து சேர்கிறது என்பதே. கடைசியில் கடிவாளம் பாகின் கைக்குப் போய்விடுகிறது. எந்த நேரத்தில் எதைத் திருத்தினால் பயன் உண்டு என்பதை, கேட்டலிஸ்ட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தே பழகிய எங்களுக்கு இது தெளிவாக்கியது.

நாங்கள் கொண்டுபோன சிக்கல் இது. மழைக்காலத்தில் அச்சிலிருந்து எடுத்த சோல்கள் சற்று நேரத்தில் வீங்கின, மேல்தோலுக்குக் கீழே பெரிய துளைகள் தெரிந்தன. மூடிய அச்சில் ஊற்றும் எடை மாறாததால் சோலின் அடர்த்தி எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஐயம் இரண்டு பக்கம் இருந்தது: கலவை மெதுவாக ஜெல் ஆவதால் குமிழிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகின்றன என்பது ஒன்று, பாலியால் ஈரத்தை உறிஞ்சியதால் வாயு மிகுந்துவிட்டது என்பது மற்றொன்று. கோடையில் எடுத்து வைத்திருந்த பாலியால் மாதிரியையும் மழைக்கால டிரம்மின் மாதிரியையும் ஆய்வகம் அடுத்தடுத்துப் பதிவு செய்தது. ஜெல் தாமதம்தான் காரணம் என்றால், நேரம் போகப் போகக் குமிழிகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். குறையவில்லை, ஒரு கிராமுக்கான எண்ணிக்கை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது, ஒவ்வொரு குமிழியும்தான் பெரிதாக இருந்தது. பின்னர் வந்த மறு அறிக்கையில், கணித மாதிரியில் நீரின் அளவை மட்டும் சிறிது உயர்த்தியதும் வளர்ச்சிக் கோடு பதிவோடு பொருந்தியது.

சிறிது ஈரம் இவ்வளவு செய்யுமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதும். ஒரு கிராம் நீர் ஐசோசயனேட்டுடன் முழுதும் வினைபுரிந்தால், 25 டிகிரியில் ஏறத்தாழ 1.36 லிட்டர் கரியமில வாயு உண்டாகிறது. 100 கிராம் பாலியாலில் 0.05 கிராம் நீர் கூடினாலே 68 மில்லிலிட்டர். ஒரு பகுதி பாகில் கரைந்து நிற்கும், ஒரு பகுதி வெளியேறும். எஞ்சியது போதும், சோலை வீங்கவைக்க. அதோடு அந்த நீர் பாலியாலுக்குச் சேர வேண்டிய ஐசோசயனேட்டையும் தின்றுவிடுவதால் சோலின் உறுதியும் குறைகிறது. வேறோர் இடத்தில் கார்ல் ஃபிஷர் முறையில் ஈரத்தை அளந்தபோது ஆய்வகத்தின் முடிவு உறுதியானது. அன்றாடப் பயன்பாட்டுக்குப் பாலியாலை வைக்கும் டே டேங்கின் காற்றுத்துளையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் குழாய் பொருத்திய பின் வீக்கம் நின்றது.

இவ்வளவு சொன்ன பிறகு குறைகளையும் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். கண்ணாடிச் சாளரம் காட்டுவது கண்ணாடியை ஒட்டிய அடுக்கைத்தான். நுரை சற்றே வளர்ந்ததும் ஒளி ஊடுருவாமல் போய்விடுகிறது. அதன்பின் உள்ளே நடப்பது கேமராவுக்குத் தெரியாது. கண்ணாடிப் பரப்பில் குமிழிகள் எளிதாக ஒட்டி வளரும் என்பதால் அங்கே எண்ணிய எண்ணிக்கை உள்ளேயும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது. ஆறிய நுரையை வெட்டி, நுண்ணோக்கியில் எண்ணி ஒப்பிட்டால் இந்த ஐயத்தைப் பெரிதும் தீர்க்கலாம். அதை அவர்கள் நாம் கேட்டால்தான் செய்கிறார்கள். கேட்காமலேயே செய்ய வேண்டும். எண்ணிக்கையைக் கணித மாதிரி தானாகச் சொல்வதில்லை, படத்திலிருந்துதான் அது ஊட்டப்படுகிறது என்பதால், அங்கே வரும் பிழை கணக்கு முழுவதையும் கெடுக்கும்.

பாகுத்தன்மை பற்றிய குறை இதைவிடப் பெரியது. எங்களுக்கு வந்த முதல் அறிக்கையில், பாகுத்தன்மை ஏறும் விதம் எங்கள் கலவையில் அளக்கப்பட்டதாக இல்லை; இதே வகைக் கலவைகளுக்குரிய பொதுவான தரவு எடுத்தாளப்பட்டு, நீரின் அளவோடு சேர்த்து அதுவும் பொருத்தத்துக்காகத் திருத்தப்பட்டிருந்தது. தெரியாத இரண்டு அளவுகளை ஒருங்கே நகர்த்தினால் எந்தக் கோட்டையும் எதனோடும் பொருத்திவிடலாம். அந்தப் பொருத்தம் எதையும் நிறுவாது. இதை எடுத்துச் சொன்னபோது வாதிடாமல் ஏற்றுக்கொண்டு, எங்கள் கலவையின் பாகுத்தன்மையை நேரத்தோடு அளந்து, நீரை மட்டும் மாற்றி மறு அறிக்கை தந்தார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் கேட்கத் தெரியாத ஒரு சிறு தொழிலகத்துக்கு முதல் அறிக்கையே முடிவான அறிக்கையாகியிருக்கும்.

ஈ.வி.ஏ.வுக்கு இந்தச் சேவையை அந்த அளவுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சிதைந்து வாயு தரும் பொடியான அசோடைகார்பனமைடு தனித்து 200 டிகிரிக்கு மேல்தான் சிதையும்; துத்தநாக ஆக்சைடு சேர்ப்பதால் அந்த வெப்பநிலை இறங்கி, ஷீட்டை அழுத்திச் சூடாக்கும் பிரஸ்ஸின் வெப்பத்திலேயே வாயு வெளிப்படுகிறது. இதைக் கலனில் அழகாகக் காண முடிகிறது. நிரப்புப் பொடி திரண்ட இடங்களைச் சுற்றிக் குமிழிகள் முதலில் தோன்றுவதும் தெரிகிறது. ஆனால் பிரஸ் திறக்கும் கணத்தில் ஷீட் துள்ளி விரிவதைப் போன்ற வேகத்தில் அந்தக் கலனின் வால்வு அழுத்தத்தை இறக்குவதில்லை. அழுத்தம் எவ்வளவு விரைவாக இறங்குகிறதோ அவ்வளவு மிகுதியாகக் குமிழிகள் பிறக்கும் என்பதால், கலனில் கிடைக்கும் எண்ணிக்கை பிரஸ்ஸுக்குப் பொருந்தாது. இரண்டு ரெசிப்பிகளில் எது மேல் என்று ஒப்பிட மட்டும் பயன்படுத்தலாம்.

அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் வருகிறது. மாஸ்டர்கள் படிக்கும்படி ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் சேர்த்தால் அது மேசையிலிருந்து மெஷினுக்குப் போகும். கட்டணம் சிறு தொழிலகத்துக்குக் கனமாகத்தான் தோன்றும். ஆனால் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு லாட்டின் இழப்போடு ஒப்பிட்டுப் பார்த்தே எங்கள் முதலாளி இரண்டாம் முறை ஒப்புக்கொண்டார்.

போக விரும்புவோர் பாலியாலை விளிம்புவரை நிரப்பி, காற்றிடம் இல்லாமல் இறுக மூடிய தகர டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள்; வழியில் ஈரம் ஏறிவிட்டால் டிரம்மின் நிலையைச் சோதனை காட்டாது. நன்றாக ஓடிய காலத்து மாதிரி ஒன்றையும் எப்போதும் மூடி வைத்திருந்து உடன் கொண்டுபோங்கள். ஒப்பீடு இல்லாத ஒற்றைப் பதிவால் பயன் குறைவு. அச்சு வெப்பநிலை, கலவை விகிதம், மிக்ஸிங் ஹெட்டின் சுழற்சி வேகம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். அறிக்கையோடு மூலப் பதிவையும், பொருத்துவதற்காக எந்தெந்த அளவுகள் மாற்றப்பட்டன என்ற பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தயங்காமல் தருகிறார்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் எல்லாத் தொழிலகங்களுக்கும் இதே சிக்கல் வருவதால் வரிசை நீண்டுவிடுகிறது. புரட்டாசிக்குள் நேரம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.